முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

அத்தியாயம் 9

சனிக்கிழமை காலை ஜெனோ கண் விழித்தபோது, அம்மா முத்துசெல்வி தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டிலிருந்து கிழித்த தாள். இரண்டு பக்கமும் எழுத்து.

"எந்திச்சிட்டியா? பல்லத் தேச்சிட்டு வந்து இத ஒரு தடவ வாசி. கடைசியில கொஞ்சம் மாத்தியிருக்கேன்."

ஜெனோ உடனே பதில் சொல்லவில்லை. பேசினால் நெஞ்சுக்குள் ஓடும் அந்த மெல்லிய விசில் வெளியே கேட்டுவிடும். வாயை மூடி, மூக்கால் மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டாள். வெளியே மூன்று நாளாகச் சாரல். தென்காசிக்கே சந்தோஷம், அவளுக்கு மட்டும் கஷ்டகாலம்.

"வாசிக்கேம்மா" என்றாள், சின்னதாக.

அந்தத் தாளுக்குக் காரணம் ஒரு மஞ்சள் அட்டை.

மே மாதம் குற்றாலத்தில் நடந்த ஜெபக்கூட்டத்தில், வாசலில் இரண்டு பெட்டிகள் வைத்திருந்தார்கள். வெள்ளை அட்டை வேண்டுதலுக்கு. மஞ்சள் அட்டை ஸ்தோத்திரத்துக்கு. மகளின் மூச்சிளைப்புக்காகப் பத்து வருஷம் வெள்ளை அட்டையாகவே எழுதி எழுதிக் களைத்துப்போன முத்துசெல்வி, அன்று மஞ்சள் அட்டையை எடுத்தாள். ‘என் மகள் ஜெனோவைக் கர்த்தர் இளைப்பிலிருந்து முற்றிலும் சுகமாக்கினார். மருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்’ என்று எழுதிப் பெட்டியில் போட்டாள்.

"இன்னும் சரியாகலயேம்மா" என்று ஜெனோ அப்போதே கேட்டாள்.

"கெடச்ச பொறவு நன்றி சொல்லுறத யாரு வேணாலும் செய்வா. கெடைக்கதுக்கு முந்தியே சொல்லணும். அதுதான்ட்டி விசுவாசம்."

அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பலரும் அப்படித்தான். அஸ்திவாரம் போடும் முன்பே வீட்டுக்கு நன்றி சொல்வார்கள். ஜாதகம் பார்க்காத குடும்பங்களில் மாப்பிள்ளை வரும் முன்பே கல்யாணத்துக்கு நன்றி சொல்வார்கள். அதை யாரும் பொய்யென்று நினைப்பதில்லை. முத்துசெல்வியும் நினைக்கவில்லை.

ஆனால் ஜூன் மாதம் அந்த அட்டை, ஜெனோவின் போட்டோவோடு, கூட்டத்தை நடத்தும் ஊழியத்தின் மாதப் புத்தகத்தில் வந்துவிட்டது. மஸ்கட்டில் இருக்கும் ஒரு குடும்பம் அதைப் படித்து உருகிப்போய், பிள்ளையின் நர்ஸிங் படிப்புக்கு முதல் வருஷக் கட்டணம் எண்பதாயிரத்தையும் தருவதாக ஊழியத்துக்குச் சொல்லியது. முதல் நாற்பது கைக்கு வந்து, காலேஜில் கட்டியும் ஆயிற்று. மீதி நாற்பதை இன்று சாயங்காலம் மேடையில் கொடுப்பார்கள். ஜெனோ சாட்சி சொல்ல வேண்டும், சுகமான கதையைத் தன் வாயால். அவ்வளவுதான். திங்கட்கிழமை காலேஜில் கடைசித் தேதி.

இளைப்பு மட்டும் போகவில்லை. புத்தகம் வந்த நாளிலிருந்து பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, அம்மா கண்ணில் படாமல் இன்ஹேலர் எடுக்கப் பழகிவிட்டாள் ஜெனோ. ராத்திரி படுக்கும்போது ஒரே ஜெபம்தான். ‘ஆண்டவரே, அம்மா எழுதினத நீங்களே நிஜமாக்கிருங்க. சனிக்கிழமைக்குள்ள.’

சனிக்கிழமை வந்துவிட்டது.

அப்பா காமராஜ் முதல் பஸ்ஸுக்கே புளியங்குடிக்குப் போய்விட்டார். அங்கே எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். அவருக்கு இந்தக் கூட்டங்கள் அவ்வளவாகப் பிடிக்காது. "நம்ம கோயில்ல இருக்க ஆண்டவருக்குக் காது கேக்காதா?" என்பார். ஆனால் நாற்பதாயிரம் வந்த அன்று மறுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

நேற்று ராத்திரி மட்டும் கேட்டார். "ஒனக்கு சரியாத்தான இருக்கு?"

ஜெனோ தலையாட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்தார்.

*

பத்து மணிக்கு, ரிப்பன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஜெனோ மெடிக்கல் கடைக்குப் போனாள். பழைய இன்ஹேலர் குப்பி நேற்றே காலியாகிவிட்டது.

கடையில் சேக் மைதீன் தனியாக இருந்தார். அவள் மூன்றாம் வகுப்பிலிருந்தே அவருக்குத் தெரிந்தவள். டாக்டர் சீட்டைக் கேட்காமலே நீலக் குப்பியை எடுத்து வைத்தார். பக்கத்திலேயே இன்னொன்றையும் வைத்தார். ஊழியத்தின் மாதப் புத்தகம்.

"ஒங்கம்மா குடுத்துட்டுப் போனாவ. கடைக்கு வாரவங்க படிக்கட்டும்னு."

பதினான்காம் பக்கம் மடித்திருந்தது. போட்டோவில் ஜெனோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒன் தங்கச்சியாட்டி?"

ஜெனோ தரையைப் பார்த்தாள். "எனக்குத் தங்கச்சி கெடையாதுண்ணே."

"அதான் எனக்கும் யோசன. போன மாசம் ரெண்டு வாங்குன. இந்த மாசம் இது ரெண்டாவது." காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். "நான் ஒண்ணும் கேக்கல. சாரக் காலம். கையோட வச்சுக்க. குத்தாலத்துக்குப் போறியளாம, அங்கன பஜ்ஜிக் கடை எண்ணச் சட்டிப் புகை வேற."

"அம்மாட்ட சொல்லிராதீங்க."

"நான் மருந்து விக்கவன். ஆளப் பத்தி விக்கவன் இல்ல." புத்தகத்தை எடுத்து மேஜைக்கு உள்ளே வைத்தார். "இந்தப் புஸ்தகத்த நான் வாரவங்களுக்குக் குடுக்கல, பாத்துக்க. உள்ளதான் வச்சிருக்கேன். வேற ஒண்ணும் இல்ல. வீசிங்காரங்க பாத்துரக் கூடாதுன்னு ஒரு பயம்."

ஜெனோவுக்கு அது அப்போது சரியாக உறைக்கவில்லை.

*

குற்றாலத்துக்கு நாலு மணிக்கே போய்ச் சேர்ந்தார்கள். பஸ் முழுவதும் ஈரத் துண்டும் எண்ணெய் வாடையும். மெயினருவிப் பக்கம் கூட்டம் அலைமோதியது. அம்மா தன் கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தாள். சேறு படாமல் இருக்கக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி, ஜெனோவின் தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். பின்பக்கம் சமையல்கட்டை ஒட்டிய அறையில் ஊழியத்தின் மேலாளர் வேதக்கண் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூன்று நாள் கூட்டத்தில் தொண்டை கட்டி, கண் சிவந்து, காலில் வீக்கத்தோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தார்.

"வா மக்கா. மூணு நிமிஷம். அதுக்கு மேல போனா போதகர் மைக்க வாங்கிருவாவ. தாள மனப்பாடம் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

அம்மா முன் வரிசையில் இடம் பிடிக்கப் போனாள். வேதக்கண் தாளை வாங்கிப் படித்தார். தலையை ஆட்டினார்.

"நல்லா எழுதியிருக்காவ. ஒரு வரி மட்டும் சேத்துக்க. ‘கையில வச்சிருந்த இன்ஹேலரக் குத்தாலத்து ஆத்துல தூக்கிப் போட்டேன்.’ அது சனங்க மனசுல நிக்கும்."

"நான் போடலியே அண்ணாச்சி."

"போடலன்னா என்ன. இப்பம் ஒனக்கு அது தேவையில்லல்லா. அது எங்கன கெடந்தா என்ன?"

அது அவள் தோள்பையில் கிடந்தது. ஜெனோ பையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

வேதக்கண் அவள் முகத்தைப் பார்த்தார். மடியிலிருந்த பையைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை.

"எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ள மக்கா" என்றார், கம்மிய குரலில். "மூத்தவ படிப்பப் பாதியில நிறுத்துனா, பணம் இல்லாம. ஜெபம் பண்ணுன பொறவு கொஞ்சமாவது கொறஞ்சுதா இல்லையா?"

"அன்னைக்கு ராத்திரி கொறஞ்ச மாதிரி இருந்துச்சு."

"அந்த ராத்திரிய மட்டும் சொல்லு. மிச்சத்த ஆண்டவர் பாத்துக்கிடுவாரு. பொய் ஒண்ணும் இல்ல. நேரம் மட்டுந்தான் முன்னப்பின்ன."

அம்மா சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் அம்மா சொன்னபோது நம்பிக்கையாகக் கேட்டது, இவர் வாயில் வேறு மாதிரிக் கேட்டது. ஜெனோ காற்று வேண்டி வெளியே வந்தாள்.

மண்டபத்தின் பக்கவாட்டில், தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு டீக்கடை. மழைக்கு ஒதுங்கிப் பத்துப் பேர் நின்றார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பைக்குள் கையை விட்டபோது, பின்னால் ஒரு குரல்.

"பாப்பா, நீதான புஸ்தகத்துல வந்த புள்ள?"

முப்பது வயதுப் பெண். நெற்றியில் குங்குமம், தோளில் ஒரு குழந்தை. ஆறு வயதிருக்கும் பெண் குழந்தை, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

"சொரண்டையிலருந்து வாரேன். எம்பேரு செண்பகவல்லி. நாங்க கும்புடுறது வேற சாமிதான். பஸ்ல பக்கத்துல இருந்த அம்மா புஸ்தகம் குடுத்தாவ. இவளுக்கும் ஒன் சீக்குதான். அபர்ணா, அக்காவப் பாரு."

குழந்தை பார்க்கவில்லை. ஜெனோ குழந்தையைப் பார்த்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. கழுத்தின் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. உதட்டோரம் வெளுத்திருந்தது. அந்தச் சத்தத்தை ஜெனோவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எப்பக் குடுத்திய மருந்து?"

"குடுக்கலியே" என்றாள் செண்பகவல்லி, கொஞ்சம் பெருமையாகவே. "நாலு நாளாச்சு நிறுத்தி. புஸ்தகத்துல ஒன் படத்துக்குக் கீழ நம்பர் போட்டிருந்துச்சு. போன் போட்டேன். ஒரு அம்மா பேசினாவ. நல்ல அம்மா. அரை மணி நேரம் எனக்காக அழுது ஜெபம் பண்ணுனாவ. மருந்தக் கையில வச்சிக்கிட்டே கேட்டா எப்பிடிக் கெடைக்கும், நிறுத்திட்டுக் கேளுங்கன்னு சொன்னாவ."

படத்துக்குக் கீழே இருந்தது முத்துசெல்வியின் நம்பர்.

ஜெனோ பையிலிருந்து நீலக் குப்பியை எடுத்தாள். குழந்தைக்குச் சும்மா வாயில் வைத்து அடித்தால் உள்ளே போகாது. சின்ன வயதில் பெரியாஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி தனக்குச் செய்து காட்டியது நினைவுக்கு வந்தது.

"அண்ணே, ஒரு பேப்பர் கப்பு தாங்க. வெறும் கப்பு."

பேனாவால் கப்பின் அடியில் ஓட்டை போட்டாள். குப்பியின் வாயை அதில் செருகினாள். கப்பைக் குழந்தையின் மூக்கையும் வாயையும் மூடி அழுத்தினாள்.

"அக்கா அமுக்குவேன். நீ மூச்சு விட்டுக்கிட்டே இரி. அஞ்சு எண்ணுவோம்."

செண்பகவல்லி குப்பியையே பார்த்தாள். பிறகு ஜெனோவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை.

நாலாவது முறை அமுக்கும்போது பின்னால் யாரோ வந்து நின்றார்கள். அம்மா.

"எங்கனட்டி போன, தேடுதாவ ஒன்ன" என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள்.

செண்பகவல்லி சட்டென்று திரும்பினாள். "இந்தக் கொரலுதான். நீங்கதான போன்ல பேசினிய?"

முத்துசெல்வி குழந்தையின் கழுத்தைப் பார்த்தாள். மகளின் கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள். கல்யாணப் பட்டின் கொசுவத்தைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. ஓரம் சேற்றில் விழுந்தது.

அந்த நேரத்துக்குத்தான் அப்பா வந்து சேர்ந்தார், வருவதாகச் சொல்லாமலே. புளியங்குடி பஸ்ஸிலிருந்து நேராக, தோளில் பையோடு, எலுமிச்சை வாடையோடு. யாரும் அவருக்கு விளக்கவில்லை. குழந்தை, கப்பு, குப்பி, மனைவியின் முகம். எல்லாவற்றையும் ஒரு தரம் பார்த்தார்.

"அப்பா, நாலு தடவ குடுத்துட்டேன். இது பத்தாது. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"ஆட்டோ" என்று ரோட்டைப் பார்த்துக் கையைத் தூக்கினார் காமராஜ். குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க வாங்கம்மா. தென்காசி பெரியாஸ்பத்திரிதான. இருவது நிமிசம்."

குப்பியையும் கப்பையும் ஜெனோ செண்பகவல்லியிடம் கொடுத்தாள். ஆட்டோ கிளம்பியது. மண்டபத்துக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் பெயர் கேட்டது.

"தென்காசியிலிருந்து வந்திருக்கும் சகோதரி ஜெனோ."

*

மேடையில் ஏறிக் கூட்டத்தைப் பார்த்தாள். எண்ணூறு பேர் இருப்பார்கள். முன் வரிசையில் அம்மாவுக்குப் போட்டிருந்த நாற்காலி காலி. அம்மா மேடை ஓரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்தோத்திரம்" என்றாள் ஜெனோ. கூட்டம் திருப்பிச் சொன்னது. "எம்பேரு ஜெனோ. ஏழு வயசுல எனக்கு இளைப்பு வந்துச்சு. அம்மா எனக்காக ரொம்ப ஜெபம் பண்ணுனாவ."

தாளில் அதற்கடுத்த வரி, மே மாதம் அந்த இரவு. அது நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் திங்கட்கிழமை நிச்சயம். ஆஸ்டலில் ஒரு கட்டில், வெள்ளை யூனிபாரம், மூன்று வருஷம் கழித்து அப்பாவை முதல் பஸ்ஸிலிருந்து காப்பாற்ற ஒரு சம்பளம். ஒரே ஒரு வரி.

குழந்தையின் கழுத்துக் குழி கண்முன் உள்ளே போய் வந்தது.

"எனக்கு இன்னும் சரியாகல" என்றாள்.

யாரோ கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள்.

"அம்மா எழுதுனது விசுவாசத்துல எழுதுனது. நான் மருந்து எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னைக்குக் காலையிலயும் எடுத்தேன். புஸ்தகத்தப் பாத்து யாராவது மருந்த நிறுத்தியிருந்தா, தயவு செஞ்சு இன்னைக்கே எடுங்க. ஜெபமும் பண்ணுங்க. மருந்தையும் எடுங்க. நிறுத்தாதீங்க."

கீபோர்டு மெல்ல ஆரம்பித்தது. போதகர் புன்னகையோடு வந்து மைக்கை வாங்கினார். கோபமே இல்லை. அவள் தலைமேல் கை வைத்தார்.

"எவ்வளவு தாழ்மையான பிள்ளை பாருங்கள். சுகம் தொடங்கிவிட்டது, தொடங்கினவர் முடிப்பார். எத்தனை பேர் விசுவாசிக்கிறீர்கள்?"

எண்ணூறு பேரும் கைதட்டினார்கள். அவள் சொன்னது அந்தக் கைதட்டலுக்குள் போய்க் காணாமல் போனது. யாரோ அவள் கையில் ஒரு வெள்ளைக் கவரைத் திணித்தார்கள். கேமரா மின்னியது. ஜெனோ படி இறங்கும்போது, தான் உண்மை சொன்னோமா சொல்லவில்லையா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

பின்னறையில் வேதக்கண் இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டார். அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள்.

அம்மாவின் போன் அடித்தது. அப்பா.

"மாஸ்க் வச்சிருக்காவ" என்றார். ஸ்பீக்கர் போடாமலே ஜெனோவுக்குக் கேட்டது. "டாக்டரம்மா கிழி கிழின்னு கிழிச்சிட்டாவ. இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா சொல்ல முடியாதுன்னாவ. இப்பம் தேவலை. ராத்திரி இங்கனதான் வச்சிருப்பாவளாம். நான் இருக்கேன்."

அம்மா "சரி" என்றாள். போனை மடியில் வைத்தாள்.

வேதக்கண் காத்திருந்து, ஒரு ரசீதை நீட்டினார். "கையெழுத்துப் போட்டுருங்க. புள்ளைக்குப் பதினெட்டு ஆகலல்லா, நீங்கதான் போடணும். கவர் ஒங்களுக்குத்தான். யாரும் திருப்பிக் கேக்கப் போறதில்ல."

முத்துசெல்வி படித்தாள். நாற்பதாயிரம் பெற்றுக்கொண்டேன். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், சாட்சியை வீடியோவாக வெளியிடச் சம்மதம்.

"வீடியோல அவ சொன்னது பூராவும் வருமா அண்ணாச்சி?"

"செவ்வாக்கிழம எடிட் பண்ணிப் போடுவோம்."

"நான் கேட்டது அது இல்ல."

வேதக்கண் கண்ணைக் கசக்கினார். "வராது. மொதல்ல கொஞ்சம் வரும். கவர் வாங்குறது வரும். அவ உண்மையச் சொல்லிட்டா, அவ மனசாட்சி சுத்தம். நாங்க போடுறது எங்க பாடு. தங்கச்சி, நாப்பதாயிரத்துக்கு நீங்க எத்தன நைட்டி தைக்கணும்?"

அம்மா கணக்குப் பார்ப்பவள்தான். ஒரு நைட்டிக்கு இருபத்தஞ்சு ரூபாய் கூலி. அவள் உதடு அசைந்தது. ஜெனோ மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா கையெழுத்துப் போட்டால், தான் தடுக்கப்போவதில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. தடுக்க வேண்டிய தெம்பெல்லாம் மேடையிலேயே தீர்ந்துவிட்டது. அதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

பேனா மூடியைத் திறந்தாள் அம்மா. ரசீதின் மேல் பிடித்தாள். பிறகு மூடினாள்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"அட்டைய எழுதுனது நான். நீங்க இல்ல, புள்ள இல்ல. இத வாங்குனா, செவ்வாக்கிழம இன்னொரு தடவ எழுதுன மாதிரி ஆயிரும்." கவரை ஜெனோ கையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அப்பம் மொத நாப்பது? மஸ்கட்காரங்களுக்கு நான் என்ன சொல்ல?"

"குடுத்துருதோம்."

"எப்பம்?"

முத்துசெல்வி பேனாவை மேஜையில் வைத்தாள். "தெரியல" என்றாள்.

வேதக்கண் கவரை எடுக்கவில்லை. வீங்கிய காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

*

பஸ் நிலையத்தில் தென்காசி பஸ் இன்ஜினை ஓடவிட்டு நின்றது. மணி எட்டு. ஜெனோ படியில் கால் வைத்தபோது, அம்மா பின்னால் ஏறவில்லை. கடைக் கூரைக்குக் கீழே நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பஸ் எடுக்கப் போறாவ."

"பதினோரு பேரு" என்றாள் அம்மா.

"என்னது?"

"அந்தப் புள்ளையோட அம்மா போக, புஸ்தகத்தப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணுனவங்க. பதினோரு பேருட்டயும் மருந்த நிறுத்தத்தான்ட்டி சொன்னேன்."

பஸ் போய்விட்டது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா ஒவ்வொரு நம்பராக அடித்தாள். புளியரைக்காரர் ஒருவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "நான் அன்னைக்கே நிறுத்தலம்மா, ஒங்க மனசு நோகக் கூடாதுன்னு சும்மா சரின்னேன்" என்றார். சங்கரன்கோவிலில் ஒரு பெண் அழுதாள். ஒருத்தர் கெட்ட வார்த்தையில் திட்டினார். அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல் கடைசிவரை கேட்டாள். "சரிங்க. மருந்த மட்டும் எடுத்துருங்க" என்றாள். பத்துப் பேர் போனை எடுத்தார்கள். குரல் முழுதும் போய்விட்டது அவளுக்கு.

பதினோராவது நம்பர் அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடியும் போட்டாள். மறுபடியும்.

"யாரும்மா அது?"

"வயசான அம்மா. பேரு கேக்கல. தனியா இருக்கேன்னாவ. மகன் பாம்பேல. இலஞ்சின்னு சொன்னாவ, கோயிலுக்குப் பின்னால ஏதோ ஒரு தெரு. போன வாரம் தெனமும் கூப்பிட்டாவ." முத்துசெல்வி போனின் வெளிச்சத்தையே பார்த்தாள். "புதங்கெழமைக்குப் பொறவு கூப்பிடல. நான் சரியாப் போச்சுன்னு நெனச்சிட்டேன்."

சாரல் வலுத்தது. இலஞ்சி ரொம்ப தூரமில்லை. அம்மா ஒரு ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

"பேரு தெரியாது, வீடு தெரியாது. ராத்திரி நேரத்துல எப்பிடிம்மா கண்டுபிடிப்ப?"

"தெருத் தெருவா நடப்போம். வாசல் வாசலா நின்னு பாப்போம். இளைக்கிற சத்தம் வெளிய கேக்கும்." அம்மா முந்தானையால் மகளின் தலையை மூடினாள். "நீ ராத்திரி குழாயத் தொறந்து விட்டுட்டு பாத்ரூமுக்குள்ள நிப்ப. எனக்கு அடுப்பாங்கர வரைக்கும் கேக்கும்ட்டி."

ஜெனோவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அப்பம் ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மொதல்லருந்தேவா?"

"ஏறு" என்றாள் அம்மா.

ஆட்டோக்காரர் எந்தத் தெரு என்று கேட்டார். முத்துசெல்வி போனை மறுபடியும் காதில் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.